நின்ற கட்டை, ஓடிய கட்டை

ஒரு ஊரில் ஒரு தேர் இருந்தது. தேர் என்று பேர்தான். இருபத்தாறு வருஷமாக ஓடவில்லை. கோயிலுக்குக் கிழக்கே, தகரம் அடித்த கொட்டகைக்குள், நின்றது நின்றபடியே கிடந்தது. மேலே புறா, கீழே பல்லி, நடுவில் தூசி.

ஏன் ஓடவில்லை என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் ஊர்க்காரர்கள் மழுப்புவார்கள். தெற்கு வீதி முக்கில், குளத்தைப் பார்த்து இறங்குகிற சரிவில், நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்பார்கள். அதோடு பேச்சை முறித்துக்கொண்டு, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள்.

கொட்டகைக்குள் அந்த நாளைக் கண்ணால் கண்டவை மூன்றே மூன்று. தேரின் இடது முன்சக்கரம் ஒன்று. தேருக்கு முன்னால் பாய்கிற தோரணையில் பொருத்திய மரக்குதிரை ஒன்று. மூலையில் கிடந்த புளியங்கட்டை ஒன்று.

புளியங்கட்டை ஒரு முட்டுக்கட்டை. ஒரு முனை கனமாக, ஒரு முனை சப்பையாகச் செதுக்கியிருப்பார்களே, அது. உருளுகிற சக்கரத்துக்கு முன்னால் போடுவார்கள். தேரைத் திருப்புவதும் அதுதான், நிறுத்துவதும் அதுதான். எப்போதும் சோடியாகத்தான் போடவேண்டும். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே மூச்சில் விழவேண்டும். விழுந்த கட்டை பாறை மாதிரி விறைத்து நிற்கவும் கூடாது. சக்கரம் தொட்டதும் கொஞ்சம் சறுக்கிக் கொடுத்து, தன் முதுகில் அதை ஏறவிட்டு, அதன் வேகத்தை உள்ளே வாங்கிக்கொள்ளவேண்டும். ஒன்று நின்று, மற்றது நிற்காமல் போனால், தேர் நின்ற கட்டையின் பக்கம் திரும்பிவிடும். அந்தப் பக்கம் யார் இருந்தாலும் அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்தது இதுதான். இடது சக்கரத்துக்குப் புளியங்கட்டை, வலது சக்கரத்துக்குப் பெரிய வாகை என்று ஒரு கட்டை. வலது பக்கம் கட்டை போட்டவர் சிங்காரம். சரிவில் தேர் வேகம் பிடித்தது. இரண்டு கட்டையும் சரியாகத்தான் விழுந்தன. சக்கரத்தின் நிழல் மேலே வந்தபோது புளியங்கட்டைக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. ஒரு சாண் விலகியது, அவ்வளவுதான். சக்கரம் உரசிக்கொண்டு போய்விட்டது. வலது பக்கம் பெரிய வாகை ஒத்தையாக நின்றது. மொத்தக் கனத்தையும் வாங்கி, வாங்கியபடியே சிலாம்பு சிலாம்பாகச் சிதறியது. தேர் வலப்பக்கம் திரும்பியது. சிங்காரத்தின் பாதம் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

முப்பது யானைக் கனம் தலைக்கு மேலே வரும்போது யாருக்குத்தான் பயமில்லை? பயந்ததைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. குற்றம் அதற்குப் பிறகு, பொடிநடையாக வந்தது.

முதல் வருஷம் ஒரு பல்லி, என்ன ஆச்சு மாமா என்று கேட்டது. தரையில் எண்ணெய் கிடந்தது, வழுக்கிவிட்டது என்றது புளியங்கட்டை. எண்ணெய் கொஞ்சம் கிடந்ததும் உண்மைதான். அந்தப் பல்லி செத்தது. அடுத்த பல்லியிடம், இரண்டு பேருக்குமே வழுக்கிவிட்டது என்றது. அதுவும் செத்தது. மூன்றாவது பல்லியிடம், முதலில் வழுக்கியது பெரிய வாகை என்றது. பல்லிகள் வந்தன, போயின. ஒவ்வொரு தடவையும் கதை ஒரு விரற்கடைதான் நகர்ந்தது. இருபத்தாறு வருஷத்தில் அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. பெரிய வாகை பயந்து ஓடியது. புளியங்கட்டை ஒத்தையாக, நேராக, நெஞ்சைக் காட்டி நின்றது. தேர் நின்றது. சிங்காரம் அதற்கு மாலை போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மகள் வீட்டோடு போய்விட்டார்.

பொய் சொல்கிறோம் என்கிற நினைப்பே அதற்குக் கிடையாது. அந்த மாலையின் வாசனைகூட அதற்கு ஞாபகம் இருந்தது.

குதிரைக்கும் ஒரு கதை உண்டு. தேரை இழுத்தது வடம் பிடித்த சனம் இல்லை, தான்தான் என்பது அந்தக் கதை. குதிரையின் நாலு காலும் தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அது ஒரு நாளும் தரையைத் தொட்டதில்லை. அதைப் பற்றிப் புளியங்கட்டை கேட்டதில்லை. புளியங்கட்டையின் கதைக்குக் குறுக்கே குதிரையும் பேசியதில்லை. வயசான நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒரு சொல்லாத ஒப்பந்தம் இருக்குமே, அதுதான்.

சக்கரம் மட்டும் எந்தக் கதையும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமும் ஒரு வார்த்தை பேசவில்லை. புளியங்கட்டை கதை சொல்லும்போதெல்லாம் சக்கரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்லும்.

இப்படி இருக்கையில் ஒரு தை மாதம் கொட்டகைக் கதவு திறந்தது. தச்சர்கள் வந்தார்கள். புறாக்கள் பறந்தன. இந்தப் பங்குனியில் தேர் ஓடும் என்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. புது வடம் வந்தது. பச்சை மர வாசனையோடு பதினோரு புதுக் கட்டைகள் வந்து புளியங்கட்டையின் பக்கத்தில் குவிந்தன.

தேர் ஓடும் என்று காதில் விழுந்த அன்று புளியங்கட்டைக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அதற்கே காரணம் விளங்கவில்லை. நின்று ஜெயித்தவன் எதற்குப் பயப்படவேண்டும்? பயத்தை மறக்கக் கதை சொல்ல ஆரம்பித்தது. பல்லிகளுக்குச் சொன்னதைவிட நன்றாகவே சொன்னது.

புதுக் கட்டைகள் வாயைப் பிளந்து கேட்டன. பெரியப்பா, பெரியப்பா என்று சுற்றிக்கொண்டன. எப்படி நின்றீர்கள், சக்கரம் எவ்வளவு கிட்டே வந்தது, மாலை என்ன பூ என்று கேட்டுக் கேட்டு அந்த இடம் கலகலவென்று ஆயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் பேசாமல் கிடந்தது. வாகை மரத்தில் செதுக்கிய கட்டை அது. எல்லாரும் அதைச் சின்ன வாகை என்று கூப்பிட்டார்கள்.

மற்றவை அதை விட்டுவைக்கவில்லை. வேப்பங்கட்டைக்கு வாய் அதிகம். “தேரு தெற்கு வீதிக்கு வர்றதுக்குள்ள இவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் சீட்டுப் பிடிச்சிருவான்” என்றது. எல்லாம் சிரித்தன. நடக்கும்போது சறுக்காமல் இருக்கச் சொல்லுங்கள் என்றது இன்னொன்று. தச்சர் இழைப்புளியை வைத்தால்கூட, எங்கே ஓடிவிடப்போகிறான் பிடியுங்கள் என்றன.

ஒரு மத்தியானம் சின்ன வாகை மெல்ல நகர்ந்து புளியங்கட்டையின் பக்கம் வந்தது.

“எங்க மரமே அப்படித்தானா பெரியப்பா?” என்று கேட்டது.

அந்த இடத்தில் புளியங்கட்டை உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் பத்துக் கட்டைகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன. அது பெரிய மனசு பண்ணுகிற குரலில், “மரத்துக்குத் தக்க குணம். அதுக்கு நீ என்னப்பா பண்ணுவே” என்றது.

சின்ன வாகை தன் இடத்துக்குத் திரும்பியது.

தேருக்கு மூன்று நாள் இருக்கையில் மாசிலாமணி வந்தார். கட்டை போடுகிறவர். சிங்காரத்தின் மகன். அவரோடு அய்யாக்கண்ணு என்று இன்னொருவர், இடது பக்கத்துக்கு. இரண்டு பேரும் கட்டைகளைத் தூக்கிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். தெற்கு வீதி முக்குக்கு எந்தச் சோடி என்பதுதான் கேள்வி. பழைய கட்டை கனமானது, இடதுக்கு இதுவே இருக்கட்டும் என்று புளியங்கட்டையை எடுத்து வைத்தார் மாசிலாமணி. வலதுக்கு அதே கனத்தில் தேடினார். சின்ன வாகைதான் பொருந்தியது.

“அந்த முக்குல ஜாக்கிரதையா இருக்கணும் அய்யாக்கண்ணு. எங்கப்பாவுக்குப் பாதம் போன எடம் அதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வேப்பங்கட்டைதான் முதலில் கேட்டது. தேர்தான் நின்றுவிட்டதே, மாலை போட்டாரே, அப்புறம் பாதம் எப்படிப் போயிற்று?

புளியங்கட்டை குதிரையைப் பார்த்தது. குதிரை மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? வாய் தானாகத் திறந்தது. அது பெரிய வாகை ஓடியபோது நடந்தது, அதற்குப் பிறகுதான் நான் நின்று தேரைப் பிடித்தேன், அதைச் சொன்னால் புதுசுகளுக்கு மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன் என்றது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சின்ன வாகைக்கு இன்னும் மோசம். ஓடினான் என்பது கேலியாகப் போயிருக்கும். ஒரு மனுஷன் பாதம் போயிற்று என்றால்? அந்த மனுஷனின் மகன் கையால்தானே சின்ன வாகை விழப்போகிறது?

கடைசியில் சின்ன வாகை வாயைத் திறந்தது.

“நான் ஒருத்தன் நின்னு காட்டறேன். மாசிலாமணி கையை என்னைவிட்டு எடுக்கிறதுக்குள்ள நின்னுருவேன். நேரா, நெஞ்சைக் காட்டி, பெரியப்பா நின்ன மாதிரி. சோடி வருதா வரலையான்னு திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்.”

மற்றக் கட்டைகள் அதைப் பாராட்டின. வேப்பங்கட்டைகூட, ஆம்பிளைப் பேச்சு என்றது.

புளியங்கட்டைக்குத்தான் அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. மாலை வாசனை போய், சிலாம்பு பறந்த சத்தம் வந்தது. சின்ன வாகை சொன்ன மாதிரி ஒரு கட்டை முந்திக்கொண்டு விறைத்து நின்றால் தேர் வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் மாசிலாமணி இருப்பார். அவருக்குப் பின்னால் மருந்துக்கடை வாசல், அதில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சனம். அன்றைக்கு ஒரு பாதம். இன்றைக்கு எத்தனை?

தன் கதையை யாரோ உடம்பில் மாட்டிக்கொண்டு சாவதற்குக் கிளம்பிவிட்டார்கள் என்று அதற்குப் புரிந்தது.

முதலில் புத்திமதியாகச் சொல்லிப் பார்த்தது. விறைத்து நிற்காதே, சாய்ந்து கொடு, என்னோடு சேர்ந்து விழு என்றது. நீங்கள் அப்படி நிற்கவில்லையே பெரியப்பா என்றது சின்ன வாகை. அது வேறு காலம் என்றது புளியங்கட்டை. சக்கரம் அதே சக்கரம்தானே என்றது சின்ன வாகை.

மறுநாள் கொஞ்சம் இறங்கி வந்தது. தான் சொன்ன கதையில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், பெரிய வாகையும் நல்லவன்தான், அவனும் நின்றான் என்றது.

“பாத்தீங்களா, செத்தவனைக்கூட விட்டுக்குடுக்கமாட்டேங்கிறார்” என்றது வேப்பங்கட்டை மற்றவற்றிடம். எல்லாம் உருகிப்போயின. அந்தக் காலத்து ஆள் அந்தக் காலத்து ஆள்தான் என்றன. தன் புகழைத் தானே குறைத்துக்கொள்கிறவர் இந்த உலகத்தில் உண்டா என்றன. கதையை ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தப் போய், அது ஒரு முழம் முன்னால் போய்விட்டது.

வேறு வழியில்லாமல் குதிரையிடம் போயிற்று. நீ மேலே இருந்து எல்லாம் பார்த்தாயே, ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்று கெஞ்சியது.

குதிரை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது.

“யோவ் புளி, உன் கதை சரிஞ்சா என் கதையும் சரியும். இன்னைக்கு நீ ஓடுனதைச் சொல்லுவே. நாளைக்கு அதுங்க குனிஞ்சு என் காலைப் பாக்கும். இத்தனை வருஷம் ஒருத்தருக்கொருத்தர் மரியாதையா இருந்துட்டோம். கெடுத்துக்காதே.”

அவன் செத்துப்போவான் என்றது புளியங்கட்டை. சின்னவன்தானே, தேறிக்குவான் என்றது குதிரை. செத்தவன் எப்படித் தேறுவான் என்று கேட்டது புளியங்கட்டை. குதிரை பழையபடி தகரத்தைப் பார்த்துக்கொண்டது.

கடைசியாகப் புளியங்கட்டை, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, சக்கரத்தின் பக்கம் திரும்பியது. ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி நின்றது சக்கரம். அதன் இரும்புப் பட்டையில் உரசிய தடம் ஒன்று, பழுப்பாக, இன்னமும் இருந்தது. நீயாவது சொல்லேன் என்று கேட்க வாயெடுத்தது. கேட்க முடியவில்லை. திரும்பிக்கொண்டது.

தேர் நாள் வந்தது.

விடிந்ததிலிருந்து ஊர் ஊராகச் சனம் இறங்கியது. தவிலும் நாயனமும் கொம்பும் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்தன. ஒன்பது மணிக்கு வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு இழுத்தார்கள். தேர் அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள். அப்போது உள்ளே எங்கேயோ ஒரு முனகல் கேட்டது, இருபத்தாறு வருஷம் படுக்கையில் கிடந்தவன் எழுந்து உட்காருகிற மாதிரி. தேர் நகர்ந்தது. சனம் அழுதது.

கிழக்கு வீதியில் வேப்பங்கட்டையும் அதன் சோடியும் வேலை செய்தன. ஒன்றும் ஆபத்தில்லை, சமதரை. முக்கில் திரும்பித் தெற்கு வீதிக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. அய்யாக்கண்ணு புளியங்கட்டையைத் தோளிலிருந்து இறக்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். எதிரே, வீதியின் மறுபக்கம், மாசிலாமணியின் காலடியில் சின்ன வாகை. இரண்டு பேருக்கும் நடுவே தேர் வரவேண்டிய வழி. வழி சரிந்து குளத்துக்கு இறங்கியது.

மருந்துக்கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. ஒரு பொம்பிளை தன் பையனிடம், கையை விட்டே, கொன்னுபோட்டுருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர் முக்கைத் தாண்டியது. மூக்கு கீழே சாய்ந்தது. வடம் பிடித்த சனம் இழுப்பதை நிறுத்திவிட்டு ஓரம் ஒதுங்கியது. இனி இழுக்கவேண்டியதில்லை. இனி அது தானாக வரும்.

அப்போது சக்கரம் பேசியது. இத்தனை வருஷத்தில் அது பேசி யாரும் கேட்டதில்லை. சனத்தின் கூச்சலுக்குக் கீழே, தரையோடு தரையாக வந்தது அந்தக் குரல்.

“இன்னைக்கு எந்தப் பக்கம் விலகப்போறே?” என்று கேட்டது.

அதில் கோபம் இல்லை. கேலி இல்லை. “நான் யாரையும் மிதிக்கணும்னு வர்றதில்லை. முன்னால ஆள் இல்லைன்னா போய்க்கிட்டே இருப்பேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதான் கேட்டு வச்சுக்கறேன்” என்றது.

புளியங்கட்டைக்கு உடம்பின் ஒவ்வொரு நாரும் தனித்தனியாக நடுங்கியது. எதிரே பார்த்தது. சின்ன வாகை அந்தப் பக்கம் விறைத்து நின்றுகொண்டிருந்தது. நெஞ்சு நேராக. பார்வை நேராக. அந்த நிற்பை அது எங்கே கற்றுக்கொண்டது என்று புளியங்கட்டைக்குத் தெரியும். யாரும் ஒருநாளும் நிற்காத நிற்பு. தன் வாயால் செதுக்கிய நிற்பு.

“சின்ன வாகை, ஓடினவன் நான்தான்” என்றது.

கட்டை பேசினால் கட்டைக்குக் கேட்கும். சின்ன வாகை திரும்பவில்லை. “என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்றீங்க பெரியப்பா. வேணாம்” என்றது.

“உன் ஆளு நின்னான். நான் விலகிட்டேன். ஒத்தையா நின்னதாலதான் தேரு அவன் பக்கம் திரும்புச்சு.”

“நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க. பெருந்தன்மை.”

தேரின் நிழல் வீதியில் நீண்டு வந்தது. இனி சொல்லி நம்பவைக்க நேரமில்லை. புளியங்கட்டை தனக்குள்ளே தேடியது. இருபத்தாறு வருஷத்தில் எந்தப் பல்லிக்கும் சொல்லாத ஒன்று அடியில் கிடந்தது. தனக்கே சொல்லிக்கொள்ளாதது. அதை எடுத்தது.

“சிங்காரம் எனக்கு மாலை போடலை. காலு சக்கரத்துக்கு அடியில இருக்கும்போது தலையைத் திருப்பி என்னைப் பாத்தார். கத்தலை. திட்டலை. ஏன்னு கேக்கற மாதிரி பாத்தார். நான் எண்ணெயில குப்புறக் கிடந்தேன்.”

சின்ன வாகை திரும்பியது. பெருமைக்காக இப்படி ஒரு கதையை யாரும் கட்டமாட்டார்கள். அதற்கு அது போதுமாக இருந்தது.

அதன் முகத்தில் வந்தது கோபமா, அருவருப்பா என்று பார்க்கப் புளியங்கட்டைக்குத் தைரியம் இல்லை.

“அப்ப உங்களை நம்பி நான் எப்படிச் சாஞ்சு குடுக்கிறது? நீங்க இன்னைக்கும் விலகினா?” என்று கேட்டது சின்ன வாகை.

நியாயமான கேள்வி. இப்போதும் ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விலகமாட்டேன், என்னை நம்பு, நான் யார் தெரியுமா என்று சொன்னால் போதும். நன்றாகவே சொல்ல வரும் அதற்கு.

“விலகமாட்டேன்னு என்னால சொல்ல முடியலை. ரொம்பப் பயமா இருக்கு. ஆனா ஒத்தையா நிக்காதே. ஒரு சாண் எனக்காகச் சறுக்கு. அதுக்குள்ள வர முடியுதான்னு பாக்கறேன்” என்றது புளியங்கட்டை.

அய்யாக்கண்ணுவின் கை குனிந்தது. மாசிலாமணியின் கை குனிந்தது. இரண்டு பேரும் ஒரே மூச்சில் ஹோ என்றார்கள்.

வலது பக்கம் சின்ன வாகை விழுந்தது. அது முந்திக்கொண்டு விறைத்திருக்கலாம். மூன்று நாளாக அதைத்தான் மனசுக்குள் பழகியிருந்தது. ஓடுகாலி என்று தெரிந்த ஒருத்தனுக்காகக் காத்திருப்பது, நெஞ்சைக் காட்டி நிற்பதைவிட எத்தனை கஷ்டம் என்று அதற்குத்தான் தெரியும். சக்கரம் தொட்டது. சின்ன வாகை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சாண் சறுக்கிக் கொடுத்தது.

இடது பக்கம் புளியங்கட்டை விழுந்தது. நிழல் மேலே மூடியது. அன்றைக்கு வந்த அதே நிழல். பக்கத்தில் சாக்கடை ஓரம் ஒரு சரிவு. லேசாக ஒருக்களித்தால் போதும், வெயிலுக்குப் போய்விடலாம். அது கண்ணை இறுக மூடிக்கொண்டது. இரும்புப் பட்டை அதன் சப்பை முனையைக் கவ்வியது.

பிறகு ஒரு சத்தம். தேர் முழுக்க, அடியிலிருந்து கலசம்வரை, ஒரு பெரிய எலும்பை முறுக்குகிற சத்தம். கலசம் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது. நாயனம் பாதியில் நின்றது. மருந்துக்கடை வாசலில் நின்ற பையன் மட்டும், அம்மா கையை விடு வலிக்குது என்று சொன்னது வீதி முழுக்கக் கேட்டது.

தேர் நின்றுவிட்டது. நேராக. நடு வீதியில்.

மாசிலாமணி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கையை நீட்டித் தன் பாதத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து அடுத்த சோடிக் கட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.

சாயங்காலம் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. கட்டைகளைக் கொட்டகை மூலையில் கொண்டுவந்து போட்டார்கள். சின்ன வாகை ஒரு பக்கமாக வெடித்திருந்தது. புளியங்கட்டையின் சப்பை முனை நசுங்கிப் பஞ்சாகியிருந்தது. இரண்டும் அடுத்தடுத்துக் கிடந்தன.

புளியங்கட்டை சரிவில் சொன்னதை மற்றக் கட்டைகளும் கேட்டிருந்தன. அவையும் அன்றைக்கு வீதியில்தானே இருந்தன. பெரியப்பா என்று எதுவும் கூப்பிடவில்லை. கொஞ்சம் தள்ளியே கிடந்தன.

மேலே குதிரை உற்சாகமாக ஆரம்பித்துவிட்டது. இன்றைக்குத் தெற்கு வீதியில் தான் மட்டும் கடிவாளத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்காமல் இருந்திருந்தால் ஊரே குளத்துக்குள் போயிருக்கும் என்றது. முன்னங்காலை எப்படி ஊன்றினேன் தெரியுமா என்றது. இரண்டு மூன்று கட்டைகள் உம் கொட்டின. வேப்பங்கட்டை குனிந்து குதிரையின் காலைப் பார்த்தது.

பிறகு அது புளியங்கட்டையின் பக்கம் திரும்பியது.

“உங்களுக்கு என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க” என்றது. குரலில் மரியாதையும் இல்லை, கேலியும் இல்லை.

சொல்வதற்குப் புளியங்கட்டையிடம் இப்போது ஒரு நிஜக் கதை இருந்தது. நின்ற கதை. ஆள் பார்க்க நின்றது, சாட்சியும் உண்டு. யாரும் மறுக்கமுடியாது. இருபத்தாறு வருஷமாக அது ஏங்கிக் கிடந்தது இப்படி ஒன்றுக்குத்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. கண்ணை மூடிக்கிட்டேன். கடைசிவரைக்கும் நடுங்கிக்கிட்டேதான் இருந்தேன். அது எப்ப நின்னுச்சுன்னுகூடத் தெரியாது” என்றது.

குதிரைகூடக் கடிவாளத்தைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டது.

வெடித்த பக்கத்தை மெல்லத் திருப்பி வைத்துக்கொண்டு, சின்ன வாகை சொன்னது:

“நானும்தான்.”